சாம்பியனின் இடது பக்கம்

ஜோயல்,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்குக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நேற்று வரை இந்த விஷயம் தெரிந்தவர்கள், உனக்கு ஆபரேஷன் செய்த அந்த வெளியூர் டாக்டரைத் தவிர, நாம் இரண்டு பேர்தான். பயிற்சி முகாமில் உன் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன். கோச் முன்னால் பிரிக்காதே. தனியாக, வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

இன்று காலை உனக்கும் ரூபாவுக்குமான கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்தது. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மை வாசனையே கல்யாண வீடு மாதிரி இருக்குங்க" என்றாள். மத்தியானம் கடைக்குப் போனால், ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் உன் ஜிம்காரர்கள் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். தோளில் சாம்பியன் பெல்ட்டோடு நீ ஆள் உயரத்துக்கு நிற்கிறாய். உன் முழங்காலுக்குப் பக்கத்தில், உன்னிடமிருந்து பட்டத்தைப் பிடுங்க வருகிற அந்த மிசோரம் பையனின் முகம், தபால்தலை அளவில். பத்திரிகையையும் போஸ்டரையும் சேர்த்துப் பார்த்தால் நடுவே இரண்டு வாரம்தான் இருக்கிறது. முதலில் சண்டை, பிறகு கல்யாணம். அந்தச் சண்டைக்கு நீ போகக் கூடாது. இவ்வளவு நீளமான கடிதத்தில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான். ஒரு வரியில் சொன்னால் நீ கேட்கிற ஆளா? அதனால்தான் ஆதியிலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்.

நீ இந்த விளையாட்டுக்குள் போனபோது நான் பேசிய பேச்செல்லாம் உனக்கு மறந்திருக்காது. கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டு, குத்து, உதை, மல்யுத்தம், கழுத்து நெரிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுமதித்தால் அதற்குப் பெயர் விளையாட்டா என்று கேட்டேன். "எம்.எம்.ஏ.ன்னா என்னடா, எம்.ஏ.ல ஃபெயிலானவங்க சேர்றதா?" என்று உன் சிநேகிதர்கள் முன்னாலேயே கிண்டல் செய்தேன். நீ கோபப்படாமல், "ஒரு நாள் வந்து பாருங்கப்பா" என்றாய். வந்தேன். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடி. மேலே தகரக் கூரை, கீழே கிழிந்துபோன நாலு ரப்பர் பாய், காற்று முழுக்க வியர்வை நாற்றம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உன்னைவிடக் குள்ளமான ஒருவன் பின்னாலிருந்து உன் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கினான். உன் முகம் சிவந்து கறுத்தது. நான் எழுந்துவிட்டேன். நீ அவன் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாய், அவன் விட்டான், நீ இருமிக்கொண்டே உட்கார்ந்து சிரித்தாய். எவ்வளவு நல்ல சிரிப்பு அது! அவனிடமே, "எப்பிடிடா பண்ண, இன்னொரு தடவ போடு" என்று கழுத்தைக் கொடுத்தாய். தோற்றதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டுச் சிரிக்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பயப்படாத, இவன் பொழச்சுக்குவான்" என்று சொன்னேன். அப்போது உனக்குத் தோற்கத் தெரிந்திருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று இப்போது புரிகிறது.

பிறகு பெல்ட் வந்தது. பழைய சாம்பியனை இரண்டாவது ரவுண்டில் நீ காலால் அடித்துச் சாய்த்தபோது நான் முன்வரிசையில் நின்று கத்திய கத்தலில் எனக்கு ஒரு வாரம் குரல் போனது. அந்தப் பெல்ட்டை எடுத்துக்கொண்டு போக ஒருவன் வந்தான், அவனை அனுப்பினாய். ஆறு மாதம் கழித்து இன்னொருவன். இப்படியே இது எட்டாவது வருஷம். இந்த எடைப்பிரிவில் இத்தனை காலம் யாரும் பட்டத்தை வைத்திருந்ததில்லை என்று டி.வி.யில் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் வேறொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. உன் எதிரில் வந்து நிற்கிற ஆளுக்கு ஒவ்வொரு முறையும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுதான். பெயர் மாறும், மாநிலம் மாறும், வயது மட்டும் அப்படியே இருக்கும். இந்தப் பக்கம் நீ மட்டும் ஒவ்வொரு வருஷமும் ஒரு வயது ஏறிக்கொண்டே போனாய். இதை அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

சும்மா இருக்கக் காரணமும் இருந்தது. உன்னால் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை அப்படி. முப்பது வருஷம் முடிச்சூர் ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து 'கண்ணாடிக்கார சார்' என்று இருந்தவன், உன் பெல்ட்டுக்குப் பிறகு 'சாம்பியனோட அப்பா' ஆனேன். வாசிக்கிற கண்ணாடி வாங்க வருகிற ஆட்டோக்காரர் ஒருவர், கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் உன்னைப் பற்றித்தான் விசாரிப்பார். "இன்னா சார், நம்மாளு அடுத்த ஃபைட்டு எப்போ? எவன் வந்தாலும் மூட்டை கட்டி அனுப்பிடுவாரு சார். ஏரியாவுக்கே ஒரு கெத்து கீது அவரால." நான் ஒன்றும் பெரிதாக இல்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அம்மா ஒவ்வொரு வெற்றிக்கும் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பாள். போதகர் ஐயர் அதை வாசிக்கும்போது, 'குத்துச்சண்டையில்' என்றுதான் சொல்வார். கூண்டு, கழுத்து நெரிப்பு எல்லாம் பீடத்தில் சொல்ல முடியாது பார். சபை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது, ஜோயல். ஒவ்வொரு ஆறு மாதமும் வேண்டியிருந்தது.

இனி அந்தச் சார்ட் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு மூன்று வயதில் அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பகல் முழுக்க நீ கடையில்தான் இருப்பாய். அடம் பிடித்தால் உன்னைக் கண் டெஸ்ட் நாற்காலியில் ஏற்றி உட்கார வைப்பேன். எதிரில் எழுத்துச் சார்ட். மற்ற பிள்ளைகள் ஏ, பி, சி, டி படித்தார்கள். நீ மேலிருந்து கீழே, ஈ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, ஈ, டி என்று படித்தாய். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, எழுத்து வரிசை ஈயில்தான் தொடங்கும் என்று டீச்சரிடம் நீ சண்டை போட்டது நம் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். விருந்தாளிகள் வந்தால் உன்னை நடுவில் நிறுத்தி, "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு" என்பேன். மேலிருந்து கீழே சொல்வாய், கீழிருந்து மேலேயும் சொல்வாய், அச்சகத்தின் பெயர் வரை சொல்வாய். எல்லாரும் கை தட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு சார்ட்டைப் படிக்கிற வித்தையைத் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த கண்ணாடிக் கடைக்காரன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

போன மாதம், கல்யாண போட்டோவுக்குக் கூலிங் கிளாஸ் வேண்டும் என்று நீ கடைக்கு வந்தாய். நம் வீட்டு ஆள் யார் கடைக்குள் கால் வைத்தாலும் டெஸ்ட் செய்யாமல் நான் அனுப்புவதில்லை. உன்னையும் உட்காரச் சொன்னேன். வழக்கமாக வலது கண்ணைத்தான் முதலில் பார்ப்போம். ஆனால் நான் சார்ட்டின் விளக்கைப் போடுவதற்குள்ளேயே நீ உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "லெஃப்ட் மொதல்ல முடிச்சுடலாம்ப்பா" என்றாய். கஷ்டமான பாடத்தை முதலில் ஒப்பித்துத் தள்ளிவிடுகிற பிள்ளை மாதிரி இருந்தது. நான் விளக்கைப் போட்டேன். நீ தடதடவென்று படித்தாய். ஈ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, ஈ, டி. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அந்தப் பழைய சார்ட் பழுப்பேறிப் போய்விட்டதென்று அதற்கு முந்தின வாரம்தான் கழற்றி வீசியிருந்தேன். அதே ஆணியில் புதுக் கம்பெனி சார்ட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் முதல் எழுத்து ஹெச். நீ சொன்ன வரிசையில் ஒரு வரிகூட அதில் இல்லை. சுவரில் இல்லாத ஒன்றை என் பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து தெளிவாகப் படித்துக்கொண்டிருந்தான். செத்துப்போன ஆள் குரலைக் கேட்டிருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

உன்னைச் சோதிக்க நான் சார்ட்டை மாற்றவில்லை. இதை நீ நம்ப வேண்டும். டார்ச்சை எடுத்து உன் இடது கண்ணில் அடித்தேன். வெளிச்சம் பட்டால் கண்பாப்பா சுருங்க வேண்டும். அது அசையவே இல்லை. நான் டார்ச்சை அணைத்ததும் நீ கையை எடுத்துவிட்டு வலது கண்ணால் சார்ட்டைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய்.

"எப்பப்பா மாத்துனீங்க?"

"போன வாரம்."

"சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லி நீ சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பு வரவில்லை.

பிறகு எல்லாம் சொன்னாய். உள்ளே விழித்திரை பிய்ந்துபோனது, புது டெக்னிக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் தனியாகப் போய்ப் படுத்தது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னது எல்லாம். "முழு இருட்டு இல்லப்பா. வெளிச்சம் தெரியுது. ஆள் அசைஞ்சா நிழல் மாதிரி தெரியும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். இப்படி எத்தனை சண்டை போட்டாய் என்று கேட்டேன். மூன்று என்றாய். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் மெடிக்கல் வைப்பார்களே என்று கேட்டேன். "பாப்பாங்கப்பா. சார்ட் படிக்கச் சொல்வாங்க. எந்த ஊருக்குப் போனாலும் நம்ம கடை சார்ட்தான்." அதைச் சொன்னபோது உன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதற்கப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இன்னும் ஒண்ணே ஒண்ணுப்பா. தோக்காம எறங்கிடறேன். அதுக்கப்புறம் கல்யாணம், ஜிம், அவ்ளோதான். அம்மாகிட்ட சொல்லாதீங்க, ரூபாகிட்ட சொல்லாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க." வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் "சரி" என்றேன். நீ கூலிங் கிளாஸை எடுத்துக்கொண்டு போனாய். வந்தவருக்கு நான் என்ன கண்ணாடி கொடுத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் சத்தத்தை அணைத்துவிட்டு உன் பழைய சண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசி மூன்றிலும் நீ வேறு ஆள். முன்பெல்லாம் தூர நின்று காலால் அடிப்பவன் நீ. இந்த மூன்றிலும் மணி அடித்ததும் கையை நீட்டி எதிராளியின் நெற்றியை, தோளை, கையுறையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறாய். தொட்டதும் இழுத்து அணைத்துத் தரையில் சாய்த்து, கழுத்தைப் பிடித்து முடித்துவிடுகிறாய். 'சாம்பியன் முதிர்ந்துவிட்டார், முழுமையான வீரராகிவிட்டார்' என்று வர்ணனையாளர்கள் கொண்டாடினார்கள். நானும் அதை நம்பி நாலு பேரிடம் சொன்னேன். ஒரு கண் போனவனுக்குத் தூரம் பிடிபடாது. காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவான், படியில் கால் வைக்குமுன் துழாவுவான். நீ எதிராளியின் தூரத்தை விரலால் தொட்டு அளந்துகொண்டிருந்தாய். என் தொழிலே அதுதான். என் கண் முன்னால் நடந்தது. எனக்குத் தெரியவில்லை. போன கிறிஸ்மஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டும்போது பல்பை ஹோல்டரில் மாட்ட முடியாமல் நீ திரும்பத் திரும்பக் காற்றில் குத்தினாயே, அப்போதுகூட நான் கீழே நின்று, "பெல்ட்டு வாங்குனவனுக்கு பல்பு மாட்டத் தெரியல பாரு" என்று கேலிதான் செய்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

கண் போன அந்த நொடியையும் கண்டுபிடித்துவிட்டேன். நீ பெரிய வெற்றி என்று சொல்வாயே, ஹரியானாக்காரனோடு ஐந்து ரவுண்டு போன சண்டை. நாலாவது ரவுண்டு முடியப் போகும்போது அவன் கால் உன் இடது நெற்றிப்பொட்டில் விழுகிறது. நீ மூலையில் வந்து உட்கார்ந்து இடது கண்ணைத் துடைக்கிறாய், கையைத் தூர வைத்துப் பார்க்கிறாய், மறுபடியும் துடைக்கிறாய். கோச் ஏதோ கேட்கிறார். நீ கட்டைவிரலைக் காட்டுகிறாய். கேமரா அப்படியே கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. அங்கே நான் இருக்கிறேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, எழுந்து போ, எழுந்து போ என்று கத்துகிறேன். சத்தமில்லாமல் அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. அந்தச் சண்டையின் வெற்றிப் படத்தைத்தான் நான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கடைக்குள் நுழைந்ததும் தெரிகிற மாதிரி மாட்டினேன். கை உயர்த்தி நிற்கிறாய், இடது கண் வீங்கி மூடியிருக்கிறது. கண் பார்க்க வருகிற கடையில் என் பிள்ளையின் போன கண்ணை இத்தனை நாள் அலங்காரமாக மாட்டி வைத்திருந்தேன். இப்போது அதைக் கழற்றவும் முடியவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அது இருக்கிற பக்கம் திரும்பாமலேயே தினமும் கடை நடத்துகிறேன்.

உனக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க, ஒரு நாள் இடது கண்ணை மூடிக்கொண்டு மார்க்கெட் வரை நடந்தேன். இடது பக்கம் உலகமே இல்லை. திடீர் திடீரென்று ஆள் முளைக்கிறான். ஒரு பைக் உரசிக்கொண்டு போய் நின்றது. "யோவ் பெரிசு, வூட்ல சொல்லிகினு வந்தியா? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கத்தினான் ஒருவன். வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டேன். மணிக்கு இருபது கிலோமீட்டரில் வந்த ஒரு பைக்கையே என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்துதான் உனக்கு உதைகள் வருகின்றன. மிசோரம் பையனின் வலது கால் எப்படி வருகிறது என்று நீயும் வீடியோவில் பார்த்திருப்பாய். அது உன் இடது பக்கம் பட்டால்கூட எனக்குப் பயமில்லை, அங்கே போக இனி ஒன்றும் மிச்சமில்லை. அவன் கட்டைவிரலோ முழங்கையோ வலது பக்கம் பட்டால்? மீதி இருக்கிற ஒன்றையும் எடுத்துக்கொண்டு நீ அந்தக் கூண்டுக்குள் போகிறாய். கண்ணை மூடினால் எனக்கு அதுதான் வருகிறது. நீ கூண்டுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துழாவுகிறாய். கூட்டம் கை தட்டுகிறது.

தோற்காமல் இறங்க வேண்டும் என்கிறாய். அன்றைக்குக் கடையில் நீ இன்னொன்றும் கேட்டாய்: "பெல்ட் போச்சுன்னா நான் யாருப்பா?" யோசித்துப் பார்த்ததில், இந்தக் கேள்வி உனக்கு வந்ததே இந்த எட்டு வருஷத்தால்தான் என்று தோன்றுகிறது. உன்னோடு மொட்டை மாடியில் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாரும் தோற்றார்கள். ஒருவன் பள்ளிக்கரணையில் ஜிம் வைத்தான், ஒருவன் போலீஸில் சேர்ந்தான், ஒருவன் துபாய் போய்த் தொப்பையும் வைத்துவிட்டான். தோற்ற மறுநாள் என்ன செய்வது என்று அவர்களுக்கு வாழ்க்கை சொல்லிக் கொடுத்தது. நீ மட்டும் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் அந்த மறுநாள் உனக்கு வரவே இல்லை. அதனால்தான் அது உனக்கு இவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது. நானும் அம்மாவும் எத்தனையோ மறுநாள்களைப் பார்த்தவர்கள். பழைய வாடகைக் கடையிலிருந்து எங்களைக் காலி செய்ய வைத்த மறுநாள், உன் தங்கை பிறந்து தங்காமல் போன மறுநாள். காலையில் பால் பாக்கெட் வரும், அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை.

கல்யாணத்துக்கு அப்பன் சொல்ல வேண்டிய புத்திமதி என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை வந்தது தெரிந்தும் ஒரு வருஷம் அம்மாவிடம் மறைத்தேன். மாத்திரையை லென்ஸ் டப்பாவில் போட்டுக் கடையில் ஒளித்து வைத்திருந்தேன். வீட்டில் அவள் கொடுத்த கேசரியை ஒன்றுமே இல்லாத மாதிரி தின்பேன். ஒரு நாள் கடையில் மயங்கி விழுந்தபோது எல்லாம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் அழுத அழுகை! "சர்க்கரைக்குப் போய் இப்பிடி அழறியே" என்றேன். "சர்க்கரைக்கு யாருங்க அழுதா? ஒரு வருஷமா நான் வெஷத்தைக் கிண்டிக் கிண்டிக் குடுத்திருக்கேன், பாத்துக்கிட்டே தின்னிருக்கீங்க" என்றாள். இன்றைக்கு வரை நம் வீட்டில் கேசரி செய்வதில்லை. நீயும் ரூபாவும் பேசிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. அம்மா இன்னும் ஒன்று சொன்னாள், போன வாரம். "இவன் என்னங்க, இப்பல்லாம் நேரா மூஞ்சியப் பாத்தே பேச மாட்டேங்கறான், தலைய ஒரு மாதிரி சாய்ச்சுக்கறான். மாப்பிள்ளை வெக்கம் போல." நானும் "ஆமாமா" என்று சிரித்து வைத்தேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உன்னிடம் "சரி" என்று சொன்ன வாக்கை நேற்று மீறிவிட்டேன். உன் சண்டைகளை நடத்துகிறவர்களின் டாக்டருக்குப் போன் செய்தேன். எண் உன் அலமாரியில் இருந்த ஒப்பந்தத் தாளில் கிடைத்தது. அந்த டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "சார்ட்டை மனப்பாடமாவா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இந்த வாரமே உன்னைக் கூப்பிட்டு, கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்ப்பார்களாம். அதற்கு மேல் அந்தக் கண்ணோடு உன்னைக் கூண்டுக்குள் விட மாட்டார்கள். பட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். "யார் சொன்னதுன்னு வெளிய வராது சார், அதுக்கு நான் பொறுப்பு" என்றார் நல்ல மனசோடு. "வேணாம் மேடம், கேட்டான்னா அவங்கப்பாதான்னு சொல்லிடுங்க" என்றேன். நீ கோச்சைச் சந்தேகப்படுவாய், ஜிம் பையன்களைச் சந்தேகப்படுவாய், அந்த மிசோரம் பையனின் ஆட்கள் வேவு பார்த்தார்கள் என்று நினைப்பாய். அவர்கள் யாரும் இல்லை. எட்டு வருஷமாக இந்தியா முழுக்கத் தேடிக் கொண்டுவந்த பயில்வான்களால் உன் இடுப்பிலிருந்து எடுக்க முடியாததை, சர்க்கரை வியாதிக்காரக் கிழவன் ஒருவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒரே போனில் எடுத்துவிட்டான். உன்னைத் தோற்கடித்தது நான்தான். அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை, வருத்தமும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. நீ இனி என்னோடு பேசாமல் போய்விடுவாயோ என்கிற பயம்.

பேசாவிட்டால் போகட்டும். கல்யாணத்துக்கு முன்வரிசையில் எனக்கு இடம் இல்லை என்றாலும் வருவேன். ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன், ஐயர் என் பெயரை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் இன்று சாயங்காலம் நான் சொல்லிவிடுவேன். அவள் என்ன செய்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன். ரூபாவிடம் மட்டும் நான் சொல்ல மாட்டேன். அந்த உரிமை எனக்கு இல்லை, அது உன்னுடையது. நம் வழக்கப்படி ஆலயத்தில் பெண் மாப்பிள்ளைக்கு இடது கைப் பக்கம்தான் நிற்பாள். அவள் நடந்து வருவதும், பக்கத்தில் வந்து நிற்பதும், உன்னைப் பார்த்துச் சிரிப்பதும் உனக்குத் தெரியாது. தலையை முழுக்கத் திருப்பினால்தான் தெரியும். நீ ஏன் அப்படித் திரும்புகிறாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஜோயல். அவள் அங்கே வந்து நிற்பதற்கு முன்னால் சொல்லிவிடு.

அப்பா